இரண்டாம் அங்கத்தில் சைரன்

கார் ஓட்டும்போது நோலீன் பேசமாட்டாள்.
புல்லர் ஆற்றோரம் பாறையைக் குடைந்த அந்த ஒற்றை வழியில் மட்டும்
"வராதே, வராதே" என்பாள்,
எதிரே இன்னும் தென்படாத ஏதோ லாரியிடம்.
அன்றைக்கு வெஸ்ட்போர்ட்டிலிருந்து ரீஃப்டன் வரைக்கும்
முணுமுணுத்தபடியே வந்தாள்.
வைப்பர் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை.
மழையைத் திட்டுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

டிக்கெட் பதினெட்டு டாலர், இடைவேளைத் தேநீர் உட்பட.
நாற்காலிகள் பள்ளிக்கூடத்து இரவல்.
என்னுடையதன் அடியில் யாரோ ஒட்டிய சூயிங்கம்
கல்லாகிக் கிடந்தது.
திரை பாதிதான் திறந்தது.
மறுபாதியை ஒரு கை வந்து இழுத்துவிட்டுப் போனது.
கைக்குக் கைதட்டினோம்.

தங்கம் தோண்டிய காலம்.
தந்தி அலுவலகத்தில் ஒருத்தி.
ஊருக்கு வரும் சாவையெல்லாம்
முதலில் கேட்கிற காது அவளுடையது.
நடித்தவளுக்கு இருபத்திரண்டு இருக்கும், மருந்துக்கடையில் வேலை.
குரலில் குறையில்லை.
ஆனால் சாவைச் சொல்லும்போதும்
'ரசீது வேண்டுமா' என்கிற முகம்.
அவளைக் காதலித்தது கறிக்கடை டெர்மட் ஹனராகன்.
நெஞ்சில் கை வைத்த போதெல்லாம்
எடை பார்ப்பதுபோலவே வைத்தான்.

மூன்றாம் பாட்டில்தான் கவனித்தேன்:
பக்கத்தில் நோலீனின் உதடுகள்.
ஒவ்வொரு வரியும் மேடைக்கு அரை நொடி முன்னால்,
மூச்சு வாங்கும் இடம் முதற்கொண்டு.

தேநீர். காய்ந்த கேக்.
அவள் எதையும் தொடவில்லை.

இரண்டாம் அங்கத்தில் சுரங்கம் சரிந்தது.
மண்ணுக்கடியில் ஆறு பேர்.
தந்திப் பெண் காகிதத்தைக் கையில் எடுத்தாள்.
சைரன் ஊதியது.

நாடகத்துச் சைரன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்,
செத்தவர்களில் நான்கு பேர்
எழுந்து ஓடும் வரைக்கும்.
அந்த ஊரில் தீயணைக்கச் சம்பள ஆள் கிடையாது.
டெர்மட் பிணமாகக் கிடந்த கோலத்திலேயே ஓடினான்.
கதாநாயகியின் கார்செட்டுக்குள் ஏதோ கிணுகிணுத்தது.
குனிந்து பார்த்தாள்,
"மன்னிச்சுக்குங்க" என்றாள் எங்களிடம்,
பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
பக்கவாட்டுக் கதவு வழியே போய்விட்டாள்.
வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

பியானோவில் ஹினேமோவா
அதே முன்னிசையைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்,
தொலைபேசியில் நம்மைக் காக்கவைக்கும்போது வருமே, அதுபோல.
ஒருவர் சாண்ட்விச்சைப் பிரித்தார்.
ஒரு குழந்தை, "எல்லாரும் பொழைச்சிட்டாங்களா?" என்றது.

பிறகு ஒரு குரல்,
என் இடது தோளுக்குப் பக்கத்திலிருந்து.

நோலீன் எழுந்திருக்கவில்லை.
மடியில் கைப்பை, கையில் கார்ச்சாவி.
உட்கார்ந்தபடியே பாடினாள்.
ஹினேமோவா திரும்பிப் பார்க்கவேயில்லை,
சுருதியை ஒரு படி இறக்கினாள்,
யார் தொண்டையென்று தெரிந்தவளாக.

வெறும் பெயர்கள்தான் அந்தப் பாட்டு.
ஆறு பெயர், ஆறு வயது,
ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிறுத்தம்;
அங்கே பியானோவும் இருக்காது.
அந்த நிறுத்தங்களில்
கூரைத் தகரத்தின் மேல் மழை கேட்டது.
மேடையில் மிச்சமிருந்த இரண்டு பிணங்களில் ஒன்று
கண்ணைத் திறந்து எங்கள் வரிசையைத் தேடியது,
பிறகு ஒழுங்காகச் செத்தது.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை.
சாண்ட்விச்காரர் காகிதத்தை
சத்தமில்லாமல் மடித்தார்.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள்.
எரிந்தது ஒரு கோழிக்கொட்டகை;
கோழிகள் சௌக்கியம் என்று
மேடையிலேயே அறிவித்துவிட்டு
டெர்மட் பழையபடி படுத்துக்கொண்டான், ரப்பர் பூட்ஸோடு.
புகை வாசம் ஐந்தாவது வரிசை வரைக்கும் வந்தது.
அந்தப் பெண் பாட்டை முதலிலிருந்து பாடினாள்.
கன்னத்தில் கரி.
இந்த முறை ரசீது கேட்கவில்லை.
நோலீனின் வாய் மூடியே இருந்தது.

திரும்பும் வழியில்
பெட்ரோல் பங்க்கில் ஆட்டிறைச்சி பை இரண்டு வாங்கினாள்.
நான் கேட்காமல் இருந்தேன்.
"மார்ச்சில் தேர்வுக்குப் போனேன்" என்றாள்.
"வயது ஒத்துவராதாம்.
தந்தி அடிக்க என்ன வயது?"

ஒற்றை வழியில் நிஜமாகவே ஒரு லாரி வந்தது.
பின்னால் எடுத்தாள், பாறையை ஒட்டி, நிதானமாக.
லாரிக்காரன் ஒரு விரலைத் தூக்கி நன்றி சொன்னான்.

"ஐந்தாவது பெயருக்கு அப்புறம்
சீக்கிரம் எடுத்துவிட்டேன்" என்றாள்.
எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"ஹினேமோவாவுக்குத் தெரியும்."